நான்கு வாரம் விடாமல் தடவவும்

வெல்மார் நாட்டுத் தூதர் கார்ஸ்டன் ஹோல்ம் வலது கையைத் தூக்கினார். "எதிர்க்கிறோம்" என்றார். தூக்கிய கையை இறக்கினார். இறங்கிய கை மேசைமேல் தங்கவில்லை. மேசைக்கு அடியில் போனது, போன இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் மொழிபெயர்ப்பாளர் கூண்டிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலக சமாதான மன்றத்தில் தமிழுக்கு ஒரு கூண்டு உண்டு. அதற்குள் நான் உண்டு. வேலைதான் அதிகம் கிடையாது. மன்றத்தில் தமிழ் பேசுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து பண்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த மாதிரி மேசைக்கு அடியில் நடப்பதைப் பார்ப்பேன்.

அன்றைக்கு விவகாரம் ஒரு வளைகுடா. இரண்டு கரையிலும் இரண்டு நாடுகள். பெயர் வேண்டாம், சொன்னால் இரண்டுக்கும் கோபம் வரும். இரண்டும் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து எதிரெதிரே நிறுத்தியிருந்தன. இருவரும் பின்வாங்க வேண்டும், நடுவில் சிக்கிய சரக்குக் கப்பல்களை வெளியே விட வேண்டும் என்று மன்றம் தீர்மானம் கொண்டுவந்தது. எல்லா நாடுகளும் சரி என்றன, வெல்மார் தவிர. வெல்மார் ஒரு கரைக்கு ஏவுகணை விற்கும் நாடு. மறு கரைக்கு அந்த ஏவுகணையைத் தடுக்கும் கருவி விற்கும் நாடும் அதுதான். சமாதானம் வந்தால் அவர்களுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள்.

மன்றம் கலைந்ததும் எனக்கு அழைப்பு வந்தது. தூதர் ஹோல்ம் தன் அறையில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தான் உட்காரவில்லை. ஆறடி உயரம், வெள்ளைவெளேர் என்று இஸ்திரி போட்ட முகம். அந்த முகத்தில் இப்போது மட்டும் ஏதோ ஒன்று கசங்கியிருந்தது.

"உங்களுக்குத் தமிழ் தெரியும் என்றார்கள்."

"அதற்குத்தான் சம்பளம் தருகிறீர்கள்" என்றேன்.

"இந்த எண்ணில் இன்னாசி மச்சாது என்று ஒரு தமிழர் இருக்கிறார். சரக்குத் தோணியில் சமையல்காரர். அவரோடு நான் பேச வேண்டும். அவசரம்."

மொழிபெயர்ப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்றெல்லாம் நடுவில் நம் மூக்கை நுழைக்கக் கூடாது. முன்னே பின்னே தெரியாதவர் பயந்துவிடக் கூடாதே என்று இதை முதலிலேயே விளக்கிவிடுவேன்.

"வணக்கமுங்க. இன்னாசி மச்சாது அண்ணனுங்களா? என் பேரு துளசிமணி. சமாதான மன்றத்துல மொழிபெயர்க்கறேனுங்க. இனிமேல் நான் பேசறது என் பேச்சு இல்லீங்க, வெல்மார் தூதரோட பேச்சு. அவரு 'நான்'னு சொன்னா நானும் அப்படியேதான் சொல்லோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிக்கா. சொல்லுங்க."

தூதர் சொன்னார். நான் சொன்னேன்.

"எனக்குத் தொடை இடுக்குல தாங்க முடியாம அரிக்குதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"எக்கா, இது அவரா, நீங்களா?"

"அவருதானுங்ணா!"

"எனக்கும் அங்கனதான் அரிக்கு. படர்தாமரை. அடுப்படியிலயே கெடக்கேம்லா, வேர்வை. அது அவருக்கு ஏன் அரிக்கணும்?"

தூதர் காத்திருக்க, நான் சொந்தக் குரலில் விளக்கினேன். சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

"ஒலகத்துல ஆறு நாட்டுக்கு வீட்டோன்னு ஒண்ணு இருக்குதுங்ணா. மத்த நாடு பூராவும் சேந்து சண்டை வேண்டாம்னு சொன்னாலும், ஆறுல ஒருத்தர் கையைத் தூக்கிட்டா அதோட முடிஞ்சுது."

"எங்க சங்கத்துல தலைவருக்க மச்சான் ஒருத்தன் இருக்கான், அவன மாதிரி."

"அதேதானுங்க. அவங்க சும்மா சும்மா கையைத் தூக்கக் கூடாதுன்னு போன வருசம் ஒரு உடன்படிக்கை போட்டாங்க. நம்ம எல்லாரு மணிக்கட்டுலயும் தோலுக்கடியில அரிசி மாதிரி சுகாதார மணி வெச்சிருக்காங்கல்ல? சண்டை நடக்கிற எடத்துல இருக்கிற யாரோ ஒருத்தரைக் குலுக்கல்ல எடுத்து, அந்த மணியை இவங்க மணியோட இணைச்சிருவாங்க. கையைத் தூக்கினதைத் திரும்ப வாங்கற வரைக்கும் அங்க அவரு படறதை இங்க இவரும் படோணும்."

"நல்ல யோசனதான. ஆனா எங்களுக்குத் தாகமுல்லா பெருசா இருக்கு. அது போவலியா அவருக்கு?"

போகவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உடன்படிக்கை எழுதும்போது நான் கூண்டில் இருந்தேன். முதல் வரைவில் 'வலி' என்று இருந்தது. ஆறு பேரில் ஒருவர் வீட்டோ போட்டார். 'பசி' என்று மாற்றினார்கள். இன்னொருவர் போட்டார். 'பயம்', 'தாகம்', 'தூக்கமின்மை' என்று ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. பத்து மாதம் பேசி, கடைசியில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லாமல் மிஞ்சியது 'அரிப்பு' மட்டும்தான். ஆறு வல்லரசுகளும் குளிர்ந்த, உலர்ந்த ஊர்கள். அவர்களுக்கு அரிப்பு என்றால் கம்பளிச் சட்டை கழுத்தில் உராய்வது. அரிப்பால் யாரும் செத்ததில்லை என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

வேர்த்து ஒழுகும் ஊர்களிலிருந்து வந்த தூதர்கள் நாற்பது பேராவது அன்றைக்கு அந்த அரங்கில் இருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, பரம சாதுவாகக் கையெழுத்துப் போட்டார்கள். மன்றத்தின் சரித்திரத்தில் அவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

இன்னாசி கேட்டார்: "சரிக்கா, இப்பம் நான் என்ன செய்யணும்?"

தூதர் தயங்கினார். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். அவர் சொன்னதை நான் சொன்னேன்.

"நான் சொறிஞ்சா எனக்கு நிக்க மாட்டேங்குதுங்க. அரிப்பு உங்களோடதுங்கிறதால நீங்க சொறிஞ்சாத்தான் எனக்கு நிக்குமாம். தயவுசெஞ்சு கொஞ்சம் சொறியறீங்களா?"

"அவ்வளவுதான? மீன் கழுவிட்டு இருந்தேன், கையக் கழுவிட்டு வாரேன்."

கொஞ்ச நேரத்தில் தூதர் ஹோல்மின் கண்கள் மூடின. ஒரு முனகல் வந்தது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை, அவசியப்படவில்லை.

அதிலிருந்து தினமும் நாலைந்து முறை அழைப்பு. வெல்மார் வேறு தூதரைப் போட்டுப் பார்த்தது. இணைப்பு நாற்காலியோடு போகும், அதில் உட்காருகிறவருக்குத்தான் அரிக்கும் என்று தெரிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கே காய்ச்சல் வந்துவிட்டது. ஹோல்மே நாற்காலியில் ஒட்டிக்கொண்டார்.

'ஆரோக்கிய மாதா' என்ற அந்தத் தோணியில் ஒன்பது பேர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிப் போனவர்கள். இரண்டு கடற்படைக்கும் நடுவில் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள். வெங்காயம் அழுகிக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று தோணித் தலைவரான தண்டல் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொறிந்து முடித்ததும் இன்னாசி அதையே கேட்டார்.

"எக்கா, தண்ணி அனுப்பச் சொல்லுங்க. அவருக்கு நான் சொறியுதேம்லா, எங்களுக்கு அவரு தண்ணி அனுப்பக் கூடாதா?"

"பரிசீலிக்கிறேன்" என்றார் தூதர்.

பரிசீலித்தார். ஒருநாள் வெல்மாரின் ஆளில்லா விமானம் ஒன்று இரண்டு கடற்படையையும் தாண்டி, ஒரு குண்டுகூட மேலே படாமல், தோணியின் மேல்தளத்தில் அழகாக ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று. ஒன்பது பேரும் ஓடினார்கள். உள்ளே ஒரு டியூப் களிம்பு இருந்தது.

"தண்ணி வரும்னு டம்ளரோட நின்னோம்க்கா" என்றார் இன்னாசி. எனக்கு வயிறு எரிந்தது. அதை மொழிபெயர்க்க முடியாது என்பதால் தூதரை முறைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

களிம்பு நல்ல களிம்புதான். இன்னாசி தடவினார். இரண்டாம் நாள் அரிப்பு நின்றது. தூதரிடமிருந்து அழைப்பும் நின்றது. அடுத்த வாரம் அதே தீர்மானம் மறுபடி வந்தபோது ஹோல்ம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, கையைத் தூக்கினார். "எதிர்க்கிறோம்." குரலில் தெம்பு திரும்பியிருந்தது.

அன்றைக்கே ஒரு கரையிலிருந்து எச்சரிக்கை என்று சொல்லி ஒரு குண்டு போட்டார்கள். தோணிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மட்டும் சில்லுகள் பாய்ந்து, இருந்ததும் கடலோடு போயிற்று. மிச்சம் ஒரு குடம்.

மூன்று நாள் கழித்துத் தூதர் அறையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. ஹோல்ம் இந்த முறை நிற்கக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார்.

"திரும்பி வந்துவிட்டது! முன்னைவிட மோசம்! அவர் களிம்பு தடவுகிறாரா இல்லையா என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"அரிப்பு நின்னவுடனே தடவுறத நிப்பாட்டிட்டேன்க்கா."

"நாலு வாரம் விடாமத் தடவோணும்னு அட்டையில போட்டிருக்குமேங்ணா?"

"அரிப்பே நின்னுட்டு, பொறவு என்னத்துக்குத் தடவ? எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான். அது திரும்ப வரும், ரெட்டிப்பா வரும். வந்துட்டு." அடுத்த மூச்சில் குரல் மாறியது. "இப்பம் நான் சொல்லுதத அப்டியே அவருகிட்ட சொல்லுங்க. களிம்பக் கடல்ல போட்டுட்டேன். இனிமே நான் சொறியவும் மாட்டேன்."

நான் சொன்னேன். 'நான் சொறிய மாட்டேன்' என்று என் வாயால் சொல்லும்போது, இத்தனை வருட வேலையில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் எனக்கே சொந்தம்போல இருந்தது.

தூதர் பதறினார். "சொறியாவிட்டால் அவருக்கும்தானே அரிக்கும்!"

"அரிக்கத்தான் செய்யும்" என்றார் இன்னாசி. "எனக்கு வருசக்கணக்காப் பழக்கம். அவருக்குப் புதுசுல்லா. கையத் தூக்குனத எறக்கச் சொல்லுங்க, ஒம்பது பேரையும் வெளிய விடச் சொல்லுங்க. அந்த நிமிசமே சொறியுதேன்."

கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். உண்ணாவிரதம் இருந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம், சொறியாவிரதம் இருந்தவரைப் பற்றி யாரும் பாடம் வைக்கவில்லை. படர்தாமரை வந்தவர்களுக்குத்தான் தெரியும், பசியைக்கூட ஒரு வழியாகத் தாங்கிவிடலாம் என்று. மறுநாள் நான் அழைத்தபோது தண்டல் எடுத்தார்.

"நாந்தாம்மா அவன் கையக் கட்டிலோட கட்டிப் போட்டுருக்கேன். அவந்தான் கட்டச் சொன்னான். இப்பம் அவுத்து விடச் சொல்லி அழுவுதான். அழுதாலும் அவுக்கக் கூடாதுன்னு முன்னயே மாதா மேல என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். வெயிலு வேற. வயிறு வரைக்கும் பரவிட்டு. பாக்க முடியல."

பின்னால் இன்னாசியின் குரல் கேட்டது. வார்த்தை இல்லை, வெறும் சத்தம். இந்தப் பக்கம் தூதரும் அதே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் அழுதால் மொழிபெயர்ப்பாளர் அழ வேண்டும் என்று எங்கள் வழக்கத்தில் இல்லை. நான் அழுதேன். யாருக்காக என்று கேட்டால், கட்டிலில் கிடந்தவருக்காகத்தான்.

தீர்மானம் மூன்றாம் முறையாக வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. வேர்த்து ஒழுகும் ஊர்களின் தூதர்கள் எல்லோரும் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்தார்கள். ஹோல்ம் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே அவர்களுக்கு எந்தக் கட்டம் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் "விளிம்பு சிவந்திருக்கும்" என்று மெல்லச் சொன்னது ஒலிவாங்கியில் கேட்டது.

ஹோல்ம் எழுந்தார். அறுபது பக்க உரை வைத்திருந்தார். முதல் பக்கத்தின் பாதியில் தாள்களைக் கீழே போட்டுவிட்டு, "மனிதநேயத்தின் அடிப்படையில் வெல்மார் தன் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறது" என்று ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த வார்த்தை ஒலிவாங்கிக்கு அல்ல, என் கூண்டைப் பார்த்து வந்தது. "அவரை உடனே சொறியச் சொல்லுங்கள்!"

தொலைபேசி என் காதில்தான் இருந்தது. கத்தினேன். தண்டல் முடிச்சை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அரங்கத்தில் எல்லோரும் பார்க்க, வெல்மார் நாட்டின் முழு அதிகாரம் பெற்ற தூதர் இரண்டு கைகளையும் விரித்து, நாற்காலியில் சரிந்து, குழந்தை மாதிரி சிரித்தார். இணைப்பு அறுந்தது. எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கி அரங்கம் முழுக்கப் பரவியது. போர் நின்றது. 'ஆரோக்கிய மாதா' மழைநீரைக் குடித்துக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வல்லரசுகளும் உடன்படிக்கையைக் கிழித்துப் போடும் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. ரொம்ப அமைதியாக இருந்தார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சதுப்பு நிலத்து நாட்டில் விமானங்கள் பெட்டி பெட்டியாகக் களிம்பு போட்டன. 'தோல் நலத் திட்டம்' என்று பெயர். படங்களில் குழந்தைகள் பளபளவென்று சிரித்தார்கள். நான்கூட நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்த மாதம் அந்த நாட்டின்மேல் படை போனது. மன்றம் தீர்மானம் கொண்டுவந்தது. ஆறு பேரில் ஒருவர் கையைத் தூக்கினார். இறக்கினார். கை மேசைமேலேயே, ஆடாமல் அசையாமல் இருந்தது. அங்கே வீடு போனது, பிள்ளை போனது, கால் போனது. அரிப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

பிறகு ஒரு தீவுக் கூட்டம். அங்கும் முதலில் களிம்பு, பின்னால் படை. அதற்கப்புறம் வானத்திலிருந்து களிம்பு விழுந்த ஊர்களில் மக்கள் அதைத் தடவுவதற்கு முன்னால் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

சென்ற திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு வேலை வந்தது. தமிழுக்கு வேலை வருவதே அபூர்வம் என்பதால் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். ஒரு டியூபின் படம், மேலே வெல்மாரின் கொடி. கீழே தமிழாக்க வேண்டிய ஒரே ஒரு வரி. 'நான்கு வாரம் விடாமல் தடவவும்.' எத்தனை பிரதி என்ற இடத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் என்று போட்டிருந்தது. அனுப்ப வேண்டிய இடம், கோடியக்கரையிலிருந்து குமரி வரை.

நம் கடலில் யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பொறுமை இல்லை. உடனே இன்னாசி அண்ணனை அழைத்தேன். அவர் மனைவி செலின் எடுத்தார்.

"அக்கா, உங்க ஊருக்குக் களிம்பு வந்துச்சுங்களா?"

"நேத்தே வந்துட்டே. முதல் தவணையாம். வீட்டுக்கு ஆறு டியூப்பு, சும்மா குடுத்துட்டுப் போறாவ. நம்ம தெருவுல எல்லாரும் தடவுதாவ. நல்லா கேக்குதுன்னு சொல்லுதாவ."

"அண்ணனைக் கூப்பிடுங்க அக்கா. சீக்கிரம்."

இன்னாசி வந்தார். நான் முதலும் முடிவுமில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சதுப்பு நிலம், தீவுக் கூட்டம், மேசைமேல் அசையாத கை, ஒரு கோடியே இருபது லட்சம். "நாலு வாரம் முடிஞ்சா உங்க கரையில அரிப்பு இருக்கிற ஆளே இருக்க மாட்டாங்கண்ணா. அப்புறம் அவங்க என்ன வேணும்னாலும் செய்வாங்க. யாரும் தடவக் கூடாதுன்னு ஊர்ல சொல்லுங்க, சங்கத்துல சொல்லுங்க, கோயில்ல சொல்லச் சொல்லுங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் செலினின் குரல் கேட்டது. "டாக்டரு குடுத்த மாத்திரையவே இந்த மனுசன் பாதியில நிப்பாட்டிட்டாரு, ராத்திரி பூரா சொறியுதாரு, அதச் சொல்லுங்க அந்தப் பிள்ளைட்ட!"

இன்னாசி சிரிக்கத் தொடங்கினார்.

"எக்கா, பயப்படாதீங்க. அரிப்பு நின்ன பொறவும் நாலு வாரம் தடவுற ஆளு இந்தக் கரையிலயே கெடையாது. அடுத்த வாரமே பூரா பேரும் நிப்பாட்டிருவான். மாசக் கடைசியில பாருங்க, எல்லாவனுக்கும் ரெட்டிப்பா வந்து நிக்கும்."

டியூபில் போட வேண்டிய அந்த ஒரே வரியை நான் இரண்டு முறை சரிபார்த்து, ஒரு பிழையும் இல்லாமல் தமிழாக்கி, கொட்டை எழுத்தில் அடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.